ஏழு ஏரியும் ஒரு ஜன்னல் சீட்டும்

எங்கள் வீட்டில் கொட்டாவி ஒருவரிடம் ஆரம்பித்தால், நாலு பேரையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் நிற்கும். பெரும்பாலும் அது அப்பாவிடம்தான் ஆரம்பிக்கும்.

அப்பா பஸ் டிரைவர். பதினாலாம் நம்பர் பஸ். ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, பிறகு அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு. ஒரு நடைக்கு முப்பத்தாறு ஸ்டாப். ஒரு நாளைக்கு எட்டு நடை.

"காலையில எங்க கிளம்பினேனோ, சாயங்காலம் அங்கேயே வந்து நிக்கறேன். இதுக்குப் போகாமலே இருந்திருக்கலாம்" என்பார் ஷூவைக் கழற்றிக்கொண்டே. இரண்டாவது ஷூவைக் கழற்றுவதற்குள் சில நாள் தூங்கியும் போவார்.

அம்மா பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறாள். வருகிறவர்களை உட்காரவைத்து, பெயர் எழுதி, "வலிக்காதுங்க" என்று சொல்லவேண்டும். நாள் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லி அவளுக்குத் தாடை வலிக்கும்.

தம்பிக்கு ஆறு வயது. வீட்டில் அவன் பெயர் லக்கேஜ். எங்கே போனாலும் பாதி வழியில் கால் வலிக்கும் அவனுக்கு. அப்புறம் தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும்.

எனக்குப் பதினொரு வயது. அப்பா என்னைக் 'கண்டக்டரம்மா' என்று கூப்பிடுவார். சின்ன வயதில் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால், பின்னால் நின்று விசில் ஊதி, "ரைட் ரைட்" சொல்வேனாம். அந்த விசில் இப்போதும் என்னிடம் இருக்கிறது. கொஞ்சம் கரகரக்கும்.

எனக்கு நன்றாக வருவது ஒன்றே ஒன்றுதான். திட்டம் போடுவது. பரீட்சைக்கு எப்படிப் படிப்பது என்று நான் போடும் அட்டவணையைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். அதைப் போட்டு முடிப்பதற்குள் பரீட்சையும் முடிந்துவிடும்.

அப்படிப்பட்ட என்னிடம் அப்பா ஒரு நாள் சொன்னார்:

"இந்த வருஷம் ஏழு நாள் லீவு எடுக்கறேன். உங்க மாமா காரைத் தரேன்னு சொல்லியிருக்கான். ஏரி, மலை எல்லாம் பார்த்துட்டு வரலாம். எங்க போறது, எப்படிப் போறதுன்னு கண்டக்டரம்மா திட்டம் போடட்டும்."

தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

ஏழு நாள் லீவு சும்மா கிடைக்காது. டிப்போவில் டிரைவர்கள் குறைவு. அப்பாவின் ஏழு நாளை மற்ற டிரைவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டுமானால், அவர்களுடைய ஏழு ஞாயிற்றுக்கிழமையை அப்பா முன்கூட்டியே ஓட்டிக் கொடுக்கவேண்டும். அப்பா ஒவ்வொரு ஞாயிறாக ஓட்ட ஆரம்பித்தார். நான் ஒவ்வொரு ஏரியாகச் சேர்க்க ஆரம்பித்தேன்.

கூடத்துத் தரையில் பெரிய வரைபடம் விரித்தேன். அதில் மலை இருக்கும் மூலையில் லக்கேஜ் படுத்துக்கொண்டான்.

"முதல் நாள், காலை ஏழரைக்குக் கிளம்பறோம்" என்று படித்துக் காட்டினேன். "ஒன்பது நாற்பதுக்கு முதல் ஏரி. இருபது நிமிஷம் பார்க்கறோம். பத்து மணிக்குக் கிளம்பிடறோம்."

"அக்கா, ஒண்ணுக்குப் போறது எப்போ?"

"பத்தே முக்காலுக்கு."

"எனக்குப் பத்தேகாலுக்கு வந்தா?"

"திட்டத்துல இல்ல. அடக்கிக்கோ."

லக்கேஜ் மலைமேல் புரண்டு படுத்தான்.

ஏழு நாள், ஏழு ஏரி, நடுவில் நாலு மலை. எல்லா ஏரியும் எனக்குப் பிடிக்கும். ஆனால் ஏழாவது ஏரிதான் உயிர். நூலகத்துப் புத்தகத்தில் அதன் படம் பார்த்திருந்தேன். ஏரிக்கு மேலே ஒரு மலை, ஏரிக்குள்ளே தலைகீழாக இன்னொரு மலை. எது நிஜம் என்று தெரிந்துகொள்ளப் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கடைசியில் எனக்கே குழம்பிவிட்டது.

வகுப்பில் வேறு பெருமையடித்திருந்தேன். விடுமுறையில் யார் யார் என்ன செய்யப்போகிறார்கள் என்று டீச்சர் கரும்பலகை ஓரத்தில் எழுதச் சொன்னார். நான் எழுதியது: "ஏழு ஏரி." அடியில் இரண்டு கோடு.

திட்டத்தை அப்பாவிடம் நீட்டினேன். ஒரு கண்ணால் படித்தார். இன்னொரு கண் ஏற்கெனவே தூங்கிவிட்டிருந்தது.

"பிரமாதமான திட்டம்" என்றார். பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். ஏற்கெனவே அங்கே அவருடைய டிப்போ டூட்டித் தாள் தொங்கிக்கொண்டிருந்தது.

அஞ்சு ஞாயிறு போயிற்று. ஆறாவது ஞாயிற்றுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மாமா காரைக் கொண்டுவந்து விட்டார். அன்று அப்பாவுக்கு நாலு மணிக்கே வேலை முடிந்துவிட்டது.

"வாங்க, மார்க்கெட் வரைக்கும் ஒரு சுத்து ஓட்டிப் பார்த்துடலாம்" என்றார்.

அம்மா முன்னால் உட்கார்ந்தாள். நானும் லக்கேஜும் பின்னால். தெருமுனையில் ஒரு பஸ் ஸ்டாப். அப்பா காரை அழகாக ஓரம்கட்டி நிறுத்தினார்.

"ஏங்க நிறுத்தினீங்க?" என்றாள் அம்மா.

அப்பா பதில் சொல்வதற்குள் பின் கதவு திறந்தது. குடையும் பையுமாக ஒரு பெரியம்மா உள்ளே தலையை நீட்டினார்.

"மார்க்கெட் போகுமா?"

"போகும், போகும்" என்றார் அப்பா, முன்னால் பார்த்தபடியே. "படியில நிக்காதீங்க. உள்ள தள்ளிப் போங்க."

காரில் எங்கே தள்ளிப் போவது? லக்கேஜ்தான் தள்ளிப் போனான், என் மடிக்கு. குடைப் பெரியம்மா உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார்.

"என்ன, பஸ்ஸைச் சின்னதாக்கிட்டாங்க?"

அம்மா சிரிப்பை அடக்கமுடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா கண்ணாடியில் பார்த்தார். மெல்ல மெல்ல அவர் முகம் பின்பக்க விளக்கு மாதிரி சிவந்தது.

"அம்மா, மன்னிச்சுக்கோங்க. இது பஸ் இல்ல, காரு. பழக்கதோஷத்துல நிறுத்திட்டேன்."

"அதனால என்ன? மார்க்கெட் போகுதில்ல?"

அப்பா கியரைப் போட்டார். வண்டி கிளம்பியது.

அடுத்த ஸ்டாப்பிலும் அப்பா நிறுத்தினார். நாங்கள் கைதட்டிச் சிரித்தோம். அதற்கடுத்த ஸ்டாப்பில் லக்கேஜ், "முன்னாடி ஏறு, பின்னாடி இறங்கு" என்று கத்தினான். நாலாவது ஸ்டாப்பிலும் சிரித்தோம். அஞ்சாவதில் யாரும் சிரிக்கவில்லை. அப்பா வேண்டுமென்று செய்யவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. ஸ்டாப் வந்தால் அவர் கால் தானாகவே பிரேக்கைத் தேடிப் போனது. அவருக்கே அது தெரியவில்லை.

மார்க்கெட்டில் குடைப் பெரியம்மா இறங்கினார். இறங்கியவர் சும்மா போகவில்லை. முன் ஜன்னலுக்கு வந்து குனிந்தார்.

"தம்பி, உன் கண்ணு ரெண்டும் ரத்தமாச் செவந்திருக்கு. வீட்டுக்குப் போய்ப் படுப்பா."

"இன்னும் பத்து நாள்ல லீவுங்க" என்றார் அப்பா. "நல்லா ஊர் சுத்தப்போறோம்."

"யாரு ஓட்டறது?"

"நான்தான்."

"அப்ப அது என்ன லீவு?" என்று கேட்டுவிட்டு அவர் பாட்டுக்குக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். அப்பா தண்ணீர் டம்ளரைக் கையில் எடுத்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. கண் மூடியிருந்தது. டம்ளர் மட்டும் சாயாமல் நின்றது. லக்கேஜ் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு என் காதில் சொன்னான்:

"அக்கா, அப்பா கால் பிரேக் போடுது."

நானும் குனிந்து பார்த்தேன். வலது கால் மெதுவாக அழுந்தி, மெதுவாக எழுந்தது. பிறகு மறுபடி அழுந்தியது. முப்பத்தாறு ஸ்டாப்பும் மேஜைக்கு அடியில் வந்துகொண்டிருந்தன.

நான் தண்ணீர் எடுக்கப்போகிற சாக்கில் எழுந்து பிரிட்ஜிடம் போனேன். கதவைத் திறக்கவில்லை. கதவில் இரண்டு தாள்கள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின.

டிப்போ தாளில்: புறப்பாடு, சேருமிடம், இடைவேளை, புறப்பாடு.

என் தாளில்: புறப்பாடு, சேருமிடம், இடைவேளை, புறப்பாடு.

விரல் விட்டுக் கூட்டினேன். டிப்போவில் டூட்டி எழுதுகிறவர் டைம்கீப்பர். வீட்டில் அவரைப்பற்றி அப்பா ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. அவர் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் எழுதியிருந்தார். சாப்பாட்டுக்கு அரை மணி கொடுத்திருந்தார்.

நான் ஒன்பதரை மணி நேரம் எழுதியிருந்தேன். சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம். மூன்றாம் நாள் அதுவும் இல்லை. "போகும்போதே சாப்பிடலாம்" என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தேன்.

டைம்கீப்பரைக் கண்டபடி திட்டுகிற அப்பா, என்னைப் பார்த்து மட்டும் "பிரமாதமான திட்டம்" என்றிருக்கிறார்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதாவது, இரண்டாம் தடவை போட்டுக்கொண்டது இறங்கவில்லை.

அம்மா பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் போய் நின்றேன்.

"அம்மா, அப்பா ஏன் முடியாதுன்னு சொல்லல?"

"நீ ஒவ்வொரு ஏரியாச் சொல்லும்போது உன் மூஞ்சியைக் கண்ணாடியில பார்த்திருக்கியா? நான்கூடத்தான் சொல்லல."

"பேசாம போறதையே நிறுத்திடலாமா?"

"நிறுத்தினா அந்த ஏழு நாளும் வீட்டுல சும்மா இருப்பாரா? மேல ஏறி ஓடு மாத்துவாரு. குழாயைக் கழட்டுவாரு. திரும்ப மாட்டத் தெரியாம என்னைக் கூப்பிடுவாரு."

அதுவும் நிஜம். போன வருஷம் இரண்டு நாள் பக்கத்து வீட்டில் குளித்தோம்.

கொஞ்ச நேரம் தட்டுகளைத் துடைத்துக் கொடுத்தேன். குடைப் பெரியம்மா கேட்ட கேள்வி தலைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. யாரு ஓட்டறது? யாரு ஓட்டறது?

"அம்மா, வேற யாராவது காரை ஓட்டினா?"

அம்மாவின் கை நின்றது.

"நான் ஓட்டுவேனே" என்றாள். ஏதோ ரொம்ப நாளாக யாராவது கேட்பார்களா என்று காத்திருந்த மாதிரி இருந்தது குரல்.

"உனக்குத் தெரியுமா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு வருஷம் பேக்கரி வண்டி ஓட்டினவடி நான். பின்னாடி முழுக்கக் கேக்கு. ஒண்ணுகூட நசுங்கினதில்ல. இப்பவும் மாமா ஊர்ல இல்லாதப்ப அவன் பிள்ளைங்களை இந்தக் கார்லதான் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வரேன்."

"அப்பாகிட்ட கேட்டுப் பார்த்தியா?"

"கேட்டேனே. 'வீட்டுல ஒரு டிரைவர் இருக்கும்போது நீ எதுக்குக் கஷ்டப்படணும்'னாரு. பாசம்தான். என்ன பண்றது!"

"வேகமா ஓட்டுவியா?"

"கேக்கை வச்சுக்கிட்டு வேகமாவா? நாப்பதுக்கு மேல போனா கிரீம் சாஞ்சிடும்."

"இப்பதான் கேக்கு இல்லையே."

"பழக்கம் போகலையே" என்றாள் அம்மா. "அதுவும் ஒரு நாளைக்கு மூணு மணி நேரம்தான். அதுக்கு மேல என் இடுப்பு கேக்காது."

நான் வரைபடத்தை மறுபடி விரித்தேன். லக்கேஜ் வந்து தன் வழக்கமான மலையில் படுத்தான்.

மணிக்கு நாற்பது. மலையில் அதுவும் முப்பது. நாளுக்கு மூன்று மணி நேரம். மூன்று தடவை கணக்குப் போட்டேன். மூன்று தடவையும் ஒரே விடை வந்தது. என் கணக்கு நோட்டில் இதுவரை நடக்காத அதிசயம் அது. ஆனால் சந்தோஷமாக இல்லை.

ஏழாவது ஏரிதான் எல்லாவற்றிலும் தூரம். ரப்பரை எடுத்தேன். வைத்தேன். மறுபடி எடுத்தேன். ஆறாவதை முதலில் அழித்துப் பார்த்தேன். அப்புறம் அஞ்சாவது. நாலு. மூணு. ஏழாவது ஏரி மட்டும் தனியாகக் கோடியில் நின்றது, பஸ்ஸைத் தவறவிட்ட பயணி மாதிரி.

"அக்கா, அது உன் ஏரிதானே?" என்றான் லக்கேஜ்.

"ஆமா."

"அழிக்கப் போறியா?"

"ஆமா."

அவன் எழுந்து வந்து, தன் சட்டை நுனியால் ரப்பர் தூளைத் துடைத்துவிட்டான். என் கண்ணைத் துடைக்கத்தான் வந்தான்போல. உயரம் எட்டவில்லை.

மிச்சம் இரண்டு ஏரி.

திங்கட்கிழமை கரும்பலகையில் 'ஏழு' என்பதை அழித்து 'இரண்டு' என்று எழுதினேன். முதல் பெஞ்சுக்காரன் விடவில்லை.

"என்னாச்சு? மிச்சம் அஞ்சும் வத்திடுச்சா?"

"ஏரி வத்தல. எங்கப்பாதான் வத்திட்டாரு" என்றேன்.

அவன் அப்பாவும் ராத்திரி வேலைக்குப் போகிறவர். கோணலாக இருந்த என் 'ர'வை மட்டும் அழித்துச் சரியாகப் போட்டுவிட்டுப் போனான்.

ஏழாவது ஞாயிறும் முடிந்தது. மறுநாள் காலை நாங்கள் வெளியே வருவதற்குள் அப்பா காரின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளி மாட்டியிருந்தார்.

"எல்லாரும் ஏறியாச்சா? போலாமா?"

நான் காருக்கு முன்னால் போய் நின்றேன்.

"என்ன கண்டக்டரம்மா? விசில் அடி, வண்டியை எடுக்கறேன்."

"அடிக்க முடியாது. டிரைவர் மாறியாச்சு."

ஒரு சீட்டை நீட்டினேன். அட்டையில் வெட்டி, கோடு போட்டு, பஸ் டிக்கெட் மாதிரியே செய்திருந்தேன். அப்பா வாங்கிப் படித்தார்.

"பயணி: ஒருவர். பின் சீட்டு, ஜன்னலோரம். தூங்க அனுமதி உண்டு."

அம்மா டிரைவர் பக்கக் கதவைத் திறந்துகொண்டு நின்றாள்.

"நகருங்க" என்றாள்.

"ஏய், மலைப்பாதை… வளைவு இருக்கும்… எதிர்ல லாரி வரும்… நான் இருக்கும்போது நீ எதுக்கு?"

"அப்பா, பதினாலு வருஷமா பஸ்ல போறீங்களே. ஒரு நாளாவது ஜன்னலோரம் உட்கார்ந்து வெளிய பார்த்திருக்கீங்களா?" என்றேன்.

அப்பா டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் ரொம்ப நேரம் படித்தார்.

"டிரைவர் சீட்டுக்குப் பின்னாடிதான் நல்ல ஜன்னல்" என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்.

பின் சீட்டில் தலையணை போட்டிருந்தோம். எதிரே, முன் சீட்டின் முதுகில், நான் ஒட்டிய தாள்: "ஓட்டுநருடன் பேசக் கூடாது."

வண்டி கிளம்பி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"கிளட்ச்சைப் பாத்து விடு" என்றார் அப்பா.

"எதிர்ல என்ன எழுதியிருக்கு?" என்றாள் அம்மா.

அப்பா படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். கால் மூடவில்லை. தெருமுனை ஸ்டாப் வந்தது. கால் அழுந்தியது. கார் நிற்கவில்லை. அப்பா திடுக்கிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஸ்டாப் பாட்டுக்குப் பின்னால் போனது. இரண்டாவது ஸ்டாப்பிலும் அழுந்தியது. லக்கேஜ் குனிந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டான். மூன்றாவது ஸ்டாப்பில் லேசாகத்தான் அழுந்தியது.

நாலாவது ஸ்டாப்பை அப்பா பார்க்கவே இல்லை. மேடேறும் பதினாலாம் நம்பர் பஸ் மாதிரி குறட்டை கேட்டது.

அம்மா கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தாள். பிறகு வேகத்தை முப்பத்தைந்தாகக் குறைத்தாள்.

"கேக்கு இருக்கு" என்றாள்.

லாரிகள் எங்களைத் தாண்டிப் போயின. கார்கள் தாண்டிப் போயின. ஒரு சைக்கிள்காரர் எங்களைத் தாண்டிப் போகும்போது கையசைத்தார். மூட்டை கட்டியே நான் ஏற்கெனவே களைத்திருந்தேன். அதனால் அவமானப்படவும் தெம்பில்லை. மலை எங்கள் பக்கம் மெல்ல நகர்ந்து வந்தது. லக்கேஜுக்குப் பத்தேகாலுக்கே வந்தது. நிறுத்தினோம்.

முதல் ஏரிக்குப் போய்ச் சேரும்போது மதியம். அம்மா ஒரு மரநிழலில், ஒரு குலுக்கல்கூட இல்லாமல் காரை நிறுத்தினாள். அப்பா எழவில்லை. நாங்களும் எழுப்பவில்லை. ஓசைப்படாமல் கதவைச் சாத்திவிட்டுக் கரையில் உட்கார்ந்தோம்.

காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஏரி முழுக்கச் சுருக்கம் சுருக்கமாக, இஸ்திரி போடாத சட்டை மாதிரி இருந்தது. சுமாரான ஏரிதான் என்று நினைத்துக்கொண்டேன். என் பழைய திட்டப்படி என்றால் இருபது நிமிஷத்தில் கிளம்பியிருப்போம். இப்போது கிளம்ப எங்கேயும் இல்லை. அம்மா செருப்பைக் கழற்றிக் காலைத் தண்ணீரில் விட்டாள். லக்கேஜ் கல் பொறுக்கினான். நான் திட்டம் எதுவும் போடாமல் உட்கார்ந்திருந்தேன். அது சுலபமில்லை.

வெயில் சாய்ந்தது. காற்று நின்றது.

"அக்கா!" என்று கத்தினான் லக்கேஜ். "மலை தண்ணிக்குள்ள விழுந்துடுச்சு!"

எழுந்து பார்த்தேன். ஏரிக்கு மேலே ஒரு மலை. ஏரிக்குள்ளே தலைகீழாக இன்னொரு மலை.

இந்தச் சத்தத்தில் அப்பா விழித்துவிட்டார். கன்னத்தில் தலையணைக் கோடு. கண்ணில் சிவப்பு இல்லை. ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கி வெளியே பார்த்தார்.

"எந்த ஸ்டாப்பு இது?" என்றார்.

"இன்னைக்கு இதுதான் கடைசி ஸ்டாப், அப்பா."

"அடுத்த வண்டி எப்போ?"

"நாளைக்கு இல்ல. நாளான்னைக்கும் அம்மாவுக்கு இடுப்பு சரியா இருந்தாத்தான்."

அப்பா சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்தார். கசங்கியிருந்தது. தொடையில் வைத்து நீவிவிட்டு ஜன்னல் வழியாக நீட்டினார்.

"கண்டக்டரம்மா, இது இன்னைக்கு மட்டும்தான் செல்லுமா?"

நான் அதை வாங்கி, நிஜக் கண்டக்டர் மாதிரி மூலையில் துளியூண்டு கிழித்து, அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"ஏழு நாளும் செல்லும்" என்றேன்.

அப்பா ஒரு பெரிய கொட்டாவி விட்டார். அது அம்மாவிடம் போய், லக்கேஜிடம் போய், என்னிடம் வந்தது.